கடனில் வாழ்ந்த கலைக்கூடம்: போல் டுரான்-ருவெலின் அறுபதாண்டு உழைப்பு

1876 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாரிஸ் நகரின் லு பெல்ரியே வீதியில், 11 ஆம் இலக்கக் கட்டடத்துக்குள் நுழைந்தவர்களில் பலர் சிரிப்பதற்கென்றே அங்கு சென்றிருந்தனர். உள்ளே மொனே, ரெனுவா, டெகா, பிசாரோ, சிஸ்லி, பேர்த் மொரிசோ ஆகியோரின் ஓவியங்கள் தொங்கவிடப்பட்டிருந்தன. அதே வீதியில் இருந்த ஒபரா அரங்கு 1873 இல் தீக்கிரையாகியிருந்தது. லு பிகாரோ நாளிதழின் விமர்சகர் அல்பேர் வொல்வ் அந்தத் தீ விபத்தை நினைவூட்டி, அவ்வீதிக்கு இப்போது இரண்டாவது பேரிடர் நேர்ந்துள்ளது என்ற கருத்துப்பட எழுதினார். ஓவியர்களைச் சித்தம் கலங்கியவர்கள் என்று ஏளனம் செய்தார். ஏளனத்தின் ஒரு பங்கு அக்கட்டடத்தில் கலைக்கூடம் நடத்தியவரையும் சேர்ந்தது. அவருக்கு அப்போது வயது 44. மனைவியை இழந்தவர், ஐந்து பிள்ளைகளின் தந்தை, பெருங்கடனாளி. போல் டுரான்-ருவெல் என்பது அவரது பெயர்.

இன்று மனப்பதிவுவாத ஓவியங்கள் எனப் போற்றப்படுபவை நாட்காட்டிகளிலும் தேநீர்க் கோப்பைகளிலும்கூடக் காணப்படுகின்றன. அவற்றை வரைந்தவர்களின் பெயர்கள் உலகெங்கும் தெரிந்தவை. அவர்கள் வரைந்துகொண்டிருப்பதற்கு வேண்டிய அரிசியும் விறகும் வாடகையும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியைக் கேட்பவர் குறைவு. அக்கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இந்த ஒரு மனிதரின் கணக்குப் புத்தகங்களில் இருக்கின்றது.

அவர் 1831 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி பாரிஸில் பிறந்தார். பெற்றோர் நடத்தியது உண்மையில் கலைக்கூடம் அன்று. காகிதமும் எழுதுகருவிகளும் விற்கும் கடை. அங்கு வர்ணங்கள், தூரிகைகள், ஓவியத்துணிகள் ஆகியனவும் விற்கப்பட்டன. பொருள் வாங்கிய இளம் ஓவியர்கள் பணம் கொடுக்க இயலாதபோது தம் ஓவியங்களைக் கடையில் விட்டுச் சென்றனர். அவ்வாறு சேர்ந்தவற்றைக் கடைக்காரர் சுவரில் மாட்டினார், சிலவற்றை வாடகைக்குக் கொடுத்தார், சிலவற்றை விற்றார். காலப்போக்கில் காகிதம் பின்தள்ளப்பட்டு ஓவியமே பிரதான வணிகமாயிற்று. தந்தையின் டுரான் என்ற பெயரும் தாயின் ருவெல் என்ற பெயரும் இணைந்தே கடையின் பெயராகவும் பின்னர் குடும்பத்தின் பெயராகவும் நிலைத்தன. ஆகவே, வசதியற்ற கலைஞனின் கடனுக்கு ஈடாக அவனுடைய படைப்பை ஏற்றுக்கொள்வது என்ற வழக்கம் அந்த வீட்டில் போல் பிறப்பதற்கு முன்பே வேரூன்றியிருந்தது எனலாம்.

ஆயினும் போலுக்குக் கடையில் நாட்டம் இருக்கவில்லை. ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுக் கொண்ட அவ்விளைஞர், மறைப்பணியாளராகத் தூர தேசம் செல்லவோ அல்லது படைவீரராகவோ விரும்பினார். சான்-சீர் இராணுவக் கல்லூரிக்குத் தெரிவும் செய்யப்பட்டார். உடல்நலக் குறைவு அவரை மீண்டும் தந்தையின் கடைக்கே கொண்டுவந்து சேர்த்தது. 1855 ஆம் ஆண்டு பாரிஸில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் டெலக்ருவாவின் ஓவியங்களைக் கண்டபோதுதான் இந்தத் தொழிலும் ஒரு பணியாக அமையலாம் என்ற எண்ணம் அவரிடம் தோன்றியதாகப் பிற்காலத்தில் அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். மறைப்பணியாளரின் பிடிவாதமும் படைவீரரின் துணிச்சலும் அவரை விட்டு நீங்கவில்லை. அவரது வாழ்வை நோக்கும்போது, அவ்விரண்டு தொழில்களையும் அவர் ஓவியக் கடைக்குள்ளேயே நடத்தினார் என்று கூறத் தோன்றுகின்றது.

1865 இல் தந்தை இறந்தார். கலைக்கூடம் முழுமையாக அவரது கைக்கு வந்தது. அக்காலத்தில் பிரான்சில் ஓர் ஓவியரின் தலைவிதியை நிர்ணயித்தது சலோன் எனப்படும் அரச ஆதரவு பெற்ற கண்காட்சி. அதன் நடுவர் குழு ஏற்றுக்கொண்டால் வாழ்வு உண்டு. ஏற்காவிடில் ஓவியரைச் சீண்டுவார் இல்லை. ஓவிய வணிகர்களும் சலோனில் பதக்கம் பெற்றோரின் படைப்புகளையே நாடினர். டுரான்-ருவெல் வேறு வழியில் சென்றார். முதலில் பார்பிசோன் கிராமத்துக் காடுகளையும் வயல்களையும் வரைந்த தியடோர் ரூசோ, மில்லே, கொரோ முதலானோரின் படைப்புகளைத் திரளாக வாங்கினார். ஒன்றிரண்டைத் தெரிந்தெடுத்து வாங்குவது அவரது வழக்கமன்று. ஓர் ஓவியரை நம்பினால் அவரிடம் உள்ளதையெல்லாம் வாங்குவது, பிறரிடம் உள்ளவற்றையும் தேடி வாங்குவது, ஏலத்துக்கு வந்தால் விலை வீழ்ந்துவிடாதபடி தாமே கூடுதலாகக் கேட்பது என்பதே அவரது முறை. ஓவியரின் பெயர் மேலெழும் நாளில் அவரது படைப்புகள் பெரும்பாலும் இவரிடமே இருக்கும். அந்நாள் வரும் வரை கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். இந்த முறையின் பலம், பலவீனம் இரண்டும் அந்த வட்டியிலேயே அடங்கியிருந்தன.

1870 இல் பிரஷ்யாவுடன் போர் மூண்டது. பாரிஸ் முற்றுகைக்குள்ளாவதற்கு முன்னர் அவர் தம் ஓவியங்களை லண்டனுக்கு அனுப்பினார், தாமும் சென்றார். நியூ பொண்ட் வீதியில் வாடகைக்குக் கிடைத்த மண்டபத்தின் பெயர் ஜேர்மன் கலைக்கூடம்! ஜேர்மன் படைகளுக்கு அஞ்சி வந்தவருக்கு அப்பெயர் எவ்வளவு கசந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், அந்தப் புலப்பெயர்வே அவரது வாழ்வின் திருப்புமுனையாயிற்று. போரிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்திருந்த மற்றோர் ஓவியரான டொபின்யி, முப்பது வயதை எட்டிய இளைஞர் ஒருவரை அழைத்து வந்து அறிமுகப்படுத்தினார். அவர்தான் குளோட் மொனே. சில நாட்களில் கமீல் பிசாரோவின் அறிமுகமும் கிடைத்தது. அகதிகளாக அந்நிய நகரில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த இருவருக்கும் வாங்குவோர் எவரும் இருக்கவில்லை. டுரான்-ருவெல் மொனேக்கு ஓவியம் ஒன்றுக்கு 300 பிராங்கும் பிசாரோவுக்கு 200 பிராங்கும் கொடுத்தார். அக்காலத்தில் அவர்களுக்கு வேறெவரும் தராத விலை அது.

பாரிஸ் திரும்பிய சில மாதங்களில், 1871 நவம்பரில், அவரது மனைவி ஈவா காலமானார். முப்பது வயதே ஆன அவர் அப்போது கருவுற்றிருந்தார். மூத்த பிள்ளைக்குப் பத்து வயது நிரம்பவில்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அத்துயரின் நடுவிலேயே, 1872 ஜனவரியில், பெல்ஜிய ஓவியர் அல்பிரட் ஸ்டீவன்ஸின் ஓவியக்கூடத்தில் எடுவா மனேயின் இரு ஓவியங்களைக் கண்டு வாங்கினார். தொடர்ந்து மனேயின் ஓவியக்கூடத்துக்கே சென்று அங்கிருந்தவற்றையும் அள்ளிக்கொண்டார். மொத்தம் 23 ஓவியங்கள், 35,000 பிராங்க். (மனே, மொனே என்ற இரு பெயர்களும் நம்மவரை மட்டுமன்றி அக்காலப் பாரிஸ் மக்களையும் குழப்பின என்பதை வாசகர் அறிந்திருக்கக்கூடும்.) அன்று வரை மனே என்றாலே பாரிஸுக்குக் கேலிப் பொருள். அத்தகையவரின் படைப்புகளை ஒரே மூச்சில் வாங்கியவரைச் சக வணிகர்கள் எவ்வாறு நோக்கியிருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம்.

பணம் எங்கிருந்து வந்தது? அவர் செல்வந்தர் அல்லர். வங்கிகளிடமும் தனிப்பட்ட முதலீட்டாளர்களிடமும் கடன் பெற்றார். பார்பிசோன் ஓவியங்களை விற்றுக் கிடைத்ததைப் புதியவர்களிடம் இட்டார். 1873 இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அவரை வீழ்த்தியது. 1874 இல் அவர் வாங்குவதை நிறுத்த நேர்ந்தது. லண்டன் கிளையும் அடுத்த ஆண்டில் மூடப்பட்டது. ஓவியர்கள் தம் கால்களில் நிற்க முயன்றதும் அவ்வேளையிலேயே. புகைப்படக் கலைஞர் நடாரின் பழைய கூடத்தில் 1874 ஏப்ரலில் அவர்கள் நடத்திய கண்காட்சியே மனப்பதிவுவாதிகள் என்ற பட்டப்பெயரை அவர்களுக்குத் தேடிக் கொடுத்தது. மறுவருடம் ட்ருவோ ஏல மண்டபத்தில் அவர்களது ஓவியங்கள் ஏலமிடப்பட்டபோது கூச்சலும் கைகலப்பும் மிகுந்து பொலிஸாரை அழைக்க வேண்டியதாயிற்று. அந்த ஏலத்தில் மதிப்பீட்டாளராக நின்றவர் டுரான்-ருவெல். வாங்குவதற்குக் கையில் பணமில்லாத காலத்திலும் தம் சுவர்களையாவது கொடுக்கலாம் என்று அவர் கருதியதன் விளைவே தொடக்கத்தில் கூறிய 1876 ஆம் ஆண்டுக் கண்காட்சி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர் புரட்சியாளர் அல்லர். மன்னராட்சி மீண்டும் வரவேண்டுமென்று வெளிப்படையாக வாதிட்டவர். நாள்தோறும் திருப்பலி காணும் பழைமைவாதி. பாரிஸ் கம்யூன் எழுச்சியில் பங்குகொண்டு சிறை சென்ற கூர்பேயின் ஓவியங்களை வாங்கியவரும் இவர்தான். பிசாரோ அராஜகவாதக் கொள்கையினர், யூதர். மொனேயும் குடியரசுச் சார்பினர். பின்னாளில் டிரைபஸ் வழக்கு பிரெஞ்சுச் சமூகத்தை இரண்டாகப் பிளந்தபோது டுரான்-ருவெல் டிரைபஸுக்கு எதிரான தரப்பில் நின்றார். அது அவரது புகழுக்கு அழகு சேர்ப்பதன்று. பிசாரோவுடனான வணிக உறவு அதனால் அறுந்துவிடவில்லை என்பதும் உண்மை. எதிரெதிரான அரசியல் கொண்டோர் ஒரே சுவரில் தொங்குவதற்கு அவரது கலைக்கூடத்தில் இடமிருந்தது. அரசியலைப் பார்த்து ஓவியம் வாங்கியிருப்பாரானால் அவரிடம் ஒன்றுகூட மிஞ்சியிராது.

1880 இன் இறுதியில் மீண்டும் சுவாசிக்க வழி கிடைத்தது. யூனியன் ஜெனரால் என்ற கத்தோலிக்க வங்கியின் ஜூல் பெடர் அவருக்குக் கடன் கொடுத்தார். உடனே அவர் பழைய முறைக்குத் திரும்பி, மொனே, பிசாரோ, சிஸ்லி, ரெனுவா ஆகியோரின் ஓவியங்களை ஒழுங்காக வாங்கத் தொடங்கினார். மாதந்தோறும் ஒரு தொகை முற்பணமாகக் கொடுக்கப்பட்டது. தையற்காரருக்கும் வர்ணக் கடைக்கும் வைத்தியருக்கும் செலுத்த வேண்டியவற்றையும் அவரே தீர்த்துக் கணக்கில் எழுதிக்கொண்டார். பதிலாக ஓவியர்கள் தம் படைப்புகளை முதலில் அவருக்கே கொடுக்க வேண்டும். கலைஞருக்கும் கலைக்கூடத்துக்கும் இடையில் இன்று உலகெங்கும் நடைமுறையிலுள்ள பிரத்தியேக உடன்பாட்டின் முன்னோடி வடிவம் இதுவே. வொலார், கான்வைலர் போன்ற அடுத்த தலைமுறை வணிகர்கள் இந்தத் தடத்திலேயே நடந்தனர்.

மகிழ்ச்சி ஓராண்டு மட்டுமே நீடித்தது. 1882 ஜனவரியில் யூனியன் ஜெனரால் வங்கி வீழ்ந்தது. பிரெஞ்சுப் பங்குச் சந்தையே ஆட்டங்கண்ட அந்த வீழ்ச்சியை எமிலி ஸோலா பின்னர் ஒரு நாவலுக்குப் பொருளாக்கினார். பெடரிடம் பெற்ற கடனை உடனே திருப்பிச் செலுத்தும்படி டுரான்-ருவெல் நெருக்கப்பட்டார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் மனப்பதிவுவாதிகளின் ஏழாவது கண்காட்சியை முன்னின்று நடத்தினார் என்பது வியப்புக்குரியது. மறுவருடம் மட்லேன் பெருவீதியில் மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பூடன், மொனே, ரெனுவா, பிசாரோ, சிஸ்லி என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கண்காட்சி வைத்தார். உயிரோடுள்ள ஓர் ஓவியருக்கு மட்டும் ஒரு மண்டபத்தை ஒதுக்குவது அக்காலத்தில் அபூர்வம். ஒருவரது வளர்ச்சியை ஒரே பார்வையில் காணும்போதுதான் அவரை விளங்கிக்கொள்ள முடியும் என்று அவர் நம்பினார். நுழைவுக் கட்டணம் வாங்காது மக்களை உள்ளே விடுவதும் அவரது வழக்கமாயிருந்தது. வந்தவர்கள் பார்த்தார்கள், வாங்கவில்லை.

1884 இல் அவரது கடன் பத்து இலட்சம் பிராங்கைத் தாண்டியது. வங்குரோத்து நிலையின் விளிம்பு அது. அடுத்த ஆண்டில் அவர் போலி டொபின்யி ஓவியத்தை உண்மையானதென விற்றார் என்று போட்டி வணிகர்கள் குற்றஞ்சாட்டினர். அவர் பத்திரிகையிலேயே பதிலளித்தார். ஓவியர்களின் நிலையும் இரங்கத்தக்கதாயிருந்தது. பிசாரோவின் பெரிய குடும்பம் பணத்துக்குக் காத்திருந்தது. மொனே பணம் கேட்டு எழுதிய கடிதங்கள் ஏராளம். ரெனுவா மட்டும் பொறுமையாக அவர் பக்கம் நின்றார். எவரிடமும் முழுத் தொகையைக் கொடுக்க முடியாத அவர், இருந்த சிறு தொகையைப் பங்கிட்டு எல்லோருக்கும் சிறிது சிறிதாகக் கொடுத்துவந்தார். ஒருவரைக் கைவிட்டு மற்றொருவரைக் காப்பது எளிதாக இருந்திருக்கும். கையிருப்பை மலிவாகத் தள்ளிவிட்டுக் கடனிலிருந்து மீள்வதும் சாத்தியமே. அவ்வாறு செய்திருந்தால் அத்தனை ஓவியர்களின் விலையும் ஒரே நாளில் பாதாளத்துக்குச் சென்றிருக்கும். அதை அறிந்திருந்தபடியால் அவர் செய்யவில்லை.

விடிவு அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்தது. அமெரிக்கக் கலைச் சங்கம் என்ற அமைப்பின் ஜேம்ஸ் சட்டன் அவரை நியூயோர்க்குக்கு அழைத்தார். அந்நாளில் அமெரிக்காவுக்குள் கொண்டுசெல்லப்படும் ஓவியங்களுக்கு 30 சதவீதச் சுங்கத் தீர்வை விதிக்கப்பட்டது. கல்வி நோக்கங்கொண்ட அமைப்பு என்ற வகையில் அச்சங்கத்துக்குச் சலுகை இருந்தது. விற்பனையாகும் ஓவியங்களுக்கு மட்டும் தீர்வை செலுத்தினால் போதும். 1886 மார்ச்சில் சுமார் 300 ஓவியங்களை மரப்பெட்டிகளில் அடைத்துக்கொண்டு 54 வயதில் அவர் கப்பலேறினார். தமது படைப்புகள் கடல் கடந்து மறைந்துபோகின்றன என்று மொனே முணுமுணுத்தார். ஏப்ரலில் மடிசன் சதுக்கத்தில் தொடங்கிய கண்காட்சி பெற்ற வரவேற்பினால் வேறு மண்டபத்துக்கு மாற்றப்பட்டு மேலும் நீடித்தது. பத்திரிகைகள் கண்டித்தன, வியந்தன. பாரிஸில் கேட்ட சிரிப்பு அங்கு கேட்கவில்லை. வாங்கியோரும் இருந்தனர். நியூயோர்க் வணிகர்கள் இதைப் பொறுக்கவில்லை. அடுத்த கண்காட்சிக்குச் சுங்க விதிகளைக் காட்டி இடையூறு விளைவித்தனர். அவர் 1887 இல் அந்நகரிலேயே நிரந்தரக் கிளை ஒன்றைத் திறந்தார். பிள்ளைகள் அதனைப் பொறுப்பேற்றனர். தாயின்றி வளர்ந்த அப்பிள்ளைகளே கலைக்கூடத்தைக் காத்த தூண்களாயினர்.

அமெரிக்கச் சந்தையின் பின்னணியில் ஒரு பெண் ஓவியரின் பணி இருந்தது. அமெரிக்கச் செல்வந்தக் குடும்பத்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த மேரி கசட், தாம் அறிந்த அமெரிக்கர்களுக்குத் தம் நண்பர்களின் ஓவியங்களைப் பரிந்துரைத்துக்கொண்டே இருந்தார். அவரது தோழி லூயிசின் ஹவ்மேயரும் அவரது கணவரும் வாங்கியவை பிற்காலத்தில் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அரும்பொருட்சாலையைச் சென்றடைந்தன. சிக்காகோவின் பேர்த்தா பாமர் வாங்கியவை அந்நகரின் கலை நிறுவகத்தை அலங்கரிக்கின்றன. பிரெஞ்சு அரசு தயங்கிக்கொண்டிருந்த காலத்தில் பிரெஞ்சு ஓவியத்தின் சிறந்த பகுதி இவ்வாறு அமெரிக்காவுக்குச் சென்றது. 1894 இல் ஓவியர் கைபொட் தமது சேகரிப்பைப் பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்து இறந்தபோதும் அரசு அதில் ஒரு பகுதியையே ஏற்றுக்கொண்டது.

வெற்றி வந்தபோது அதைப் பகிர்ந்துகொள்ள வேறு வணிகர்களும் வந்துவிட்டனர். ஜோர்ஜ் பெற்றி ஆடம்பரமான கூடத்துடன் போட்டியிட்டார். வின்சென்ட் வான் கோவின் தம்பி தியோ தாம் பணிபுரிந்த நிறுவனத்துக்காக மொனேயிடம் வாங்கினார். மொனே சில ஆண்டுகள் விலகியே இருந்தார். ஒருவரே தம்மை முழுவதும் கட்டி வைத்திருப்பது ஆபத்து என்பது மொனேயின் கணிப்பு. அதில் நியாயம் இல்லையென்று கூற முடியாது. எனினும் 1883 இல் மொனே ஜிவேர்னி கிராமத்துக்குக் குடிபெயர்வதற்குப் பணம் முற்கொடுத்தவர் டுரான்-ருவெல். 1890 இல் அவ்வீட்டை 22,000 பிராங்குக்கு வாங்கியபோதும் அவரது உதவி கிடைத்தது. 1891 மே மாதத்தில் மொனேயின் வைக்கோற் போர் ஓவியங்கள் பதினைந்து டுரான்-ருவெல் கூடத்தில் வைக்கப்பட்டுச் சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தன. வைக்கோற் போர் என்று வழங்கினாலும் மொனே வரைந்தவை கதிரடிக்கப்படாத கோதுமைக் கட்டுகளின் குவியல்கள். யாழ்ப்பாணத்து வயல்களில் சூடு என்று சொல்வோமே, அதுதான். தொடர்ந்து 1895 இல் ருவான் பேராலய ஓவியங்கள் இருபதும், 1909 இல் நீரல்லி ஓவியங்கள் நாற்பத்தெட்டும் அக்கூடத்திலேயே மக்கள் முன் வந்தன.

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் கூறினால் சிலருக்கு அநீதி இழைத்தவராவோம். பிசாரோ 1886 அளவில் புள்ளிகளால் வரையும் புதிய பாணிக்கு மாறியபோது டுரான்-ருவெலுக்கு அது பிடிக்கவில்லை. வாங்குவதைக் குறைத்தார். அதனால் ஏற்பட்ட வறுமையை அனுபவித்தவர்கள் பிசாரோவின் மனைவியும் பிள்ளைகளும். ஓவியர் பழைய பாணிக்கு மெல்லத் திரும்பிய பின்னரே, 1892 இல், அவரது வாழ்நாள் படைப்புகளின் பெருங்கண்காட்சி நடைபெற்று நிலைமை சீரடைந்தது. புதியவர்களை ஆதரிக்கும் கலைக்கூடத்துக்கும் தான் அறிந்த புதுமையே புதுமை என்ற எண்ணம் ஒருநாள் வந்துவிடுகின்றது. சிஸ்லியின் கதை இதனிலும் துயரமானது. அவரும் ஒரு கட்டத்தில் ஜோர்ஜ் பெற்றியிடம் சென்றார். எங்கும் போதிய விற்பனை இல்லை. 1899 ஜனவரியில் தொண்டைப் புற்றுநோயால் வறுமையில் இறந்தார். மறுவருடமே போர்-மார்லி வெள்ளத்தை அவர் வரைந்த ஓவியமொன்று ஏலத்தில் 43,000 பிராங்குக்குச் சென்றது.

1890 களிலும் அவர் முற்றாகக் கதவை மூடிவிடவில்லை. டெகாவின் தூண்டுதலால் 1893 நவம்பரில் கோகானின் தஹிட்டி ஓவியங்களுக்கு இடமளித்தார், சிலவே விலைபோயின. 1896 இல், முந்திய ஆண்டு மறைந்த பேர்த் மொரிசோவுக்கு நினைவுக் கண்காட்சி வைத்தார். மொனே, ரெனுவா, டெகா மூவரும் அங்கு வந்து தம் கைகளாலேயே ஓவியங்களைச் சுவரில் அமைத்தனர். ஆனால், செஸானை இனங்கண்டு 1895 இல் முதல் தனிக் கண்காட்சி நடத்தியவர் அதே லபிற் வீதியில் கடை வைத்திருந்த இளைஞர் வொலார். டுரான்-ருவெலின் வாசலிலிருந்து சில நிமிட நடைத்தூரம். அறுபது வயதைக் கடந்த ஒருவரிடம் இரண்டாவது முறையும் அதே துணிச்சலை எதிர்பார்ப்பது சரியா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

முதுமையில் அவர் றோம் வீதியிலுள்ள தம் இல்லத்தையே கலைக்கூடமாக்கினார். செவ்வாய்க்கிழமைகளில் விரும்பியவர்கள் வந்து பார்க்கலாம். வரவேற்பறையின் கதவுப் பலகைகளில் பூக்களும் பழங்களும் வரைந்தவர் மொனே, 36 பலகைகள். சுவர்களில் ரெனுவாவின் நடனமாடும் சோடிகள். விற்காமல் தமக்கென வைத்துக்கொண்டவை அங்கிருந்தன. ரெனுவா 1882 இல் அவரது பிள்ளைகளையும், 1910 இல் அவரையும் வரைந்தார். அவ்வுருவப்படத்தில் நரைத்த மீசையுடன் சாந்தமாக அமர்ந்திருக்கும் முதியவரைப் பார்த்தால், இவரா பத்து இலட்சம் பிராங்க் கடனோடு கப்பலேறியவர் என்று ஐயுறத் தோன்றும்.

1905 ஆம் ஆண்டு லண்டன் கிராப்டன் மண்டபத்தில் 315 ஓவியங்களை அவர் காட்சிப்படுத்தினார். மனப்பதிவுவாத ஓவியங்கள் அவ்வளவு பெருந்தொகையாக ஓரிடத்தில் அதற்கு முன்னர் திரட்டப்பட்டதில்லை. மக்கள் திரண்டனர், ஆங்கிலேயர் வாங்கியவை மிகச் சில. 74 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவர் எஞ்சியவற்றை மீண்டும் பெட்டிகளில் அடுக்கிப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சு அரசு 1920 இல் அவருக்கு லீஜியன் ஒவ் ஹொனர் விருதை வழங்கியது.

1891 தொடக்கம் 1922 வரை மட்டும் அவரது கலைக்கூடம் ஏறத்தாழ 12,000 ஓவியங்களை வாங்கியதாகப் பதிவேடுகள் காட்டுகின்றன. அவற்றுள் மொனேயின் படைப்புகள் ஆயிரத்துக்கும் மேல். ரெனுவாவுடையவை சுமார் 1,500. பிசாரோவுடையவை சுமார் 800. டெகா, சிஸ்லி, கசட் ஆகியோருடையவை ஒவ்வொருவருக்கும் நானூறு அளவில். மனேயுடையவை சுமார் 200. அவரது நினைவுக் குறிப்புகளை இத்தாலியக் கலை வரலாற்றறிஞர் லியொனெல்லோ வெந்தூரி 1939 இல் வெளியிட்டார். 2014 இலும் 2015 இலும் பாரிஸ், லண்டன், பிலடெல்பியா ஆகிய நகரங்களின் அரும்பொருட்சாலைகள் இணைந்து கண்காட்சி ஒன்றை நடத்தின. அதில் மையப்பொருளாக விளங்கியவர் ஓர் ஓவியர் அல்லர், இந்த வணிகரே.

போல் டுரான்-ருவெல் 1922 ஆம் ஆண்டு பெப்ரவரி 5 ஆம் திகதி தமது 90 ஆவது வயதில் பாரிஸில் காலமானார். குடும்பத்தினர் கலைக்கூடத்தைத் தொடர்ந்து நடத்தினர். நியூயோர்க் கிளை 1950 இலும் பாரிஸ் கூடம் 1974 இலும் மூடப்பட்டன.

ரெனுவா வரைந்த படகோட்டிகளின் மதிய விருந்து என்ற பெரிய ஓவியத்தை அவர் 1881 இல் வாங்கி, விற்று, மறுவருடமே திரும்ப வாங்கியிருந்தார். யூனியன் ஜெனரால் வங்கி விழுந்து, பணத்துக்கு அலைந்த அதே 1882 ஆம் ஆண்டு அது. அதன் பின்னர் நாற்பதாண்டுகள் அவர் அதனை எவருக்கும் விற்கவில்லை. அவர் இறந்த மறுவருடம், 1923 இல், அமெரிக்கச் சேகரிப்பாளர் டங்கன் பிலிப்ஸ் அதனை அவரது புதல்வர்களிடமிருந்து 125,000 டொலருக்கு வாங்கி வொஷிங்டனுக்குக் கொண்டுசென்றார்.